வாந்தி வராத டான்சில்: தியேட்டருக்குள் ஒரு திருட்டுப் பார்வை

செருப்பைக் கழற்றி வெளியே விடுங்கள். தலைக்கு அந்த நீலத் தொப்பி, முகத்துக்குக் கவசம். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சுவரோரமாக நில்லுங்கள். பச்சைத் துணி போர்த்திய எதையும் தொடக்கூடாது. தொட்டீர்களோ, தியேட்டர் மிஸ்ஸி பார்க்கும் பார்வையிலேயே மயக்கம் வந்துவிடும், தனியாக மருந்து தேவைப்படாது! இன்று நாம் எட்டிப் பார்க்கப்போவது டான்சில் ஆபரேஷனை. அதிலும் டான்சிலை அல்ல. பிள்ளை கண் விழித்ததும் வாந்தி எடுக்காமல் இருக்க உள்ளே நடக்கும் சதித்திட்டத்தை. வெளியே நாற்காலியில் காத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இப்படியொரு வேலை நடப்பதே பெரும்பாலும் தெரியாது.

எதற்குச் சதி என்கிறீர்களா? டான்சில் எடுத்த பிள்ளைகளை ஒரு தடுப்பும் செய்யாமல் விட்டால் பத்துக்கு ஏழு பேர் வரை வாந்தி எடுத்துவிடுவார்கள். மருத்துவ நூல்கள் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு இது. பிள்ளைகளுக்குச் செய்யும் ஆபரேஷன்களில் மாறுகண் திருத்தமும் டான்சிலும்தான் இந்த விஷயத்தில் முதலிடத்துக்குப் போட்டி போடும் ஜோடி. கஷ்டம், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அம்மாவுக்கு மட்டுமல்ல. புண்ணான தொண்டையில் வயிற்று அமிலம் பட்டால் எரிகிற எரிச்சலில் பிள்ளை அடுத்த வாய் தண்ணீரைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிடும். குடிக்காவிட்டால் உடம்பு வறளும். அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியவன் வார்டிலேயே தங்குவான்.

பேராக்கில் நம் சித்தியவான்காரர்களுக்கு இந்த ஆபரேஷனுக்கு வழி தெரிந்ததுதான். அரசு மருத்துவமனை என்றால் பக்கத்திலேயே ஸ்ரீ மஞ்சோங். மேல்சிகிச்சை என்றால் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. ரப்பர் தோட்ட லயங்களில் நம் சனம் நிறைந்திருந்த காலத்தில் தொண்டை வலிக்குத் தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸர்தான் எல்லாமும். வாயைத் திற என்று அதட்டி, ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, பழுப்பு மருந்தைத் தொண்டையில் தடவி அனுப்புவார். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்துவிட்டது. டான்சில் மட்டும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வீங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு சித்தியவான் பையனைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து வயது. 18 கிலோ. ராத்திரி குறட்டை விட்டால் அடுத்த அறையில் தாத்தாவுக்குத் தூக்கம் கலையும். பெயர் வேண்டாம், வாண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் காட்சி தியேட்டரில் இல்லை, வார்டில். ஒரு டாக்டர் வருகிறார். இவர் டான்சில் எடுப்பவர் அல்ல, மயக்க மருந்து கொடுப்பவர். கையில் ஒரு தாள், வாயில் நிறையக் கேள்வி.

“அம்மா, பிள்ளை கடைசியா எப்போ சாப்பிட்டான்?”

“ஒண்ணுமே சாப்பிடல டாக்டர். நைட்டு சாப்பிட்டதுதான்.”

“குடிக்க?”

“காலையில அழுதான்... பாட்டி ரெண்டு வாய் மைலோ மட்டும் கொடுத்தாங்க.”

டாக்டரின் பேனா நின்றுவிடும். பால் கலந்த மைலோ மயக்க மருந்துக் கணக்கில் பானம் அல்ல, சாப்பாடு! அதற்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். பாட்டியின் பாசத்தால் ஆபரேஷன் மதியத்துக்குத் தள்ளிப்போகும். ஆனால் இதில் மறுபக்கமும் உண்டு. ராத்திரியிலிருந்து பொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பிள்ளையைக் காயப்போடுவதும் தப்புதான். வறண்டு போன உடம்புக்கு வாந்தி இன்னும் சுலபமாக வரும். பால் கலக்காத தெளிந்த பானத்துக்கு முன்பெல்லாம் இரண்டு மணி நேர இடைவெளி சொன்னார்கள். 2018இல் ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் ஒன்றுகூடி அதை ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டன. உங்கள் மருத்துவமனை எந்தக் கணக்கைச் சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள், ஆனால் “தண்ணி எது வரைக்கும் கொடுக்கலாம்?” என்று வாய்திறந்து கேளுங்கள்.

அடுத்த கேள்விதான் எனக்குப் பிடித்தது. “கார்ல போனா வாந்தி எடுப்பானா?” சித்தியவான் அம்மாவுக்கு இதற்குப் பதில் சொல்ல யோசனையே வேண்டாம். லுமுட்டில் ஃபெரி ஏறிப் பங்கோர் போன எல்லாக் குடும்பத்திலும் பிளாஸ்டிக் பையோடு ஜன்னலோரம் உட்காரும் ஆள் ஒருவர் இருப்பார். அந்த ஆள் வாண்டா? அப்படியானால் டாக்டர் தாளில் ஒரு கோடு. அம்மாவுக்கு சிசேரியன் முடிந்ததும் வாந்தி வந்ததா? இன்னொரு கோடு. அம்மாவின் வாந்திக்கும் மகனின் டான்சிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள், சம்பந்தம் உண்டு. 2004இல் ஜெர்மன் மயக்கவியலாளர் எபர்ஹார்ட் குழுவினர் பிள்ளைகளுக்கென்றே ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். நாலே நாலு கேள்வி: ஆபரேஷன் அரை மணி நேரமாவது ஆகுமா, வயது மூன்றைத் தாண்டிவிட்டதா, மாறுகண் ஆபரேஷனா, பிள்ளைக்கோ பெற்றோர், உடன்பிறப்புக்கோ இதற்குமுன் ஆபரேஷன் வாந்தி வந்திருக்கிறதா. நம் வாண்டுக்கு மாறுகண் மட்டும் இல்லை, மற்ற மூன்றும் ஆமாம். நாலுக்கு மூன்று. பள்ளியில் வாங்கினால் கைதட்டுவோம். இங்கே அதற்கு அர்த்தம், வாந்தி வர நூற்றுக்கு 55 வாய்ப்பு.

சரி, வாந்தி எங்கே தயாராகிறது? வயிற்றில் என்று நினைத்தால் பாதிதான் சரி. மூளையின் அடிப்பாகத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மூளையின் மற்ற இடங்களுக்கு ரத்தத்திலிருந்து கண்டதும் நுழையாதபடி காவல் உண்டு. இங்கே மட்டும் அந்தக் காவல் தளர்வு. ரத்தத்தில் விஷம் ஏதும் ஓடுகிறதா என்று முகர்ந்து பார்ப்பதே இதன் வேலை. மயக்க வாயுவும் மார்ஃபின் வகை வலிமருந்தும் வந்தால் “ஆகா, விஷம்!” என்று இது அலறுகிறது. கீழேயிருந்து வேறொரு புகார். டான்சில் வெட்டும்போது கசிந்த ரத்தம் கொஞ்சம் வயிற்றுக்குள் போயிருக்கும். ரத்தம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது. குடல் செரொடோனினை அவிழ்த்துவிட, அது நரம்பைத் தட்ட, செய்தி மேலே ஓடுகிறது. தொண்டைப் புண்ணிலிருந்தும் நரம்பு வழியே முறையீடு. மூன்று பக்கமும் மனுப்போட்டால் மூளை கையெழுத்துப் போட்டுவிடும்.

இங்கே ஒரு நிமிடம் ஆய்வுக்கூடத்துப் பக்கம் போய்வருவோம், சத்தியமாக வேடிக்கையான கதை. எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது! எலி, சுண்டெலி வகையறாக்களுக்கு அந்த வசதியே கிடையாது. எலிமருந்து உள்ளே போனால் போனதுதான், திரும்பி வராது. ஆய்வுக்கூடத்தில் எந்த மருந்தானாலும் முதலில் எலிக்குத்தான் கொடுப்பார்கள், ஆனால் வாந்தி ஆராய்ச்சிக்கு அது பிரயோசனமில்லாத பிராணி. அதனால் 1980களில் ஃபெரெட் என்ற, கீரியின் சாயலில் இருக்கும் பிராணியை வைத்து ஆராய்ந்தார்கள். செரொடோனின் தட்டும் கதவைப் பூட்டினால் வாந்தி நிற்கிறது என்று தெரிந்தது அதில்தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொரு நாயகனைப் பிடித்துவந்தார்கள். யார்? நம் மூஞ்சூறு! சுவரோரம் கீச்சிட்டுக்கொண்டே ஓடி, நாற்றத்தை விட்டுவிட்டுப் போகுமே, அதேதான். அது எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் வேறு குலம், நன்றாக வாந்தி எடுக்கும். பெட்டிக்குள் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் சில நிமிடங்களில் எடுத்துவிடுகிறது. பயண வாந்தியை ஆராய இதைவிடத் தோதான ஜீவன் கிடைக்குமா? பிள்ளையாரைச் சுமக்கும் வாகனத்துக்கே வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சிரிப்பு.

அந்த ஆராய்ச்சி அலையில் பிறந்த மருந்துதான் ஒண்டான்செட்ரான். கிளாக்ஸோ நிறுவனம் உருவாக்கியது. 1991இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது புற்றுநோய் மருந்து தரும் வாந்தியை அடக்கத்தான் வந்தது. அங்கிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை. நம் வீடுகளில் வாந்தி என்றால் பலர் வாயில் வருவது ‘மெக்சோலோன்’தான். பிள்ளைகளுக்கு அது அவ்வளவு தோதில்லை. சில பிள்ளைகளுக்குக் கழுத்தும் கண்ணும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வீட்டையே கலங்கடித்துவிடும். 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை, ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு மருந்து கேட்காதபோது மட்டும் என்று கட்டுப்பாடு போட்டது. பெரியவர்களுக்கு வாங்கிய மிச்ச மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

உஷ்! வாண்டைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஓடிவிடாதீர்கள்.

முகத்தில் மாஸ்க் வைத்து, “பலூன் ஊது பார்க்கலாம்” என்கிறார்கள். வாண்டு நாலு ஊது ஊதுகிறான், ஐந்தாவதில் கண் சொருகுகிறது. கையில் ஊசி ஏறுவது அதன் பிறகுதான், அழுகைக்கு வேலையில்லை. இப்போது முதல் அடி. டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு வகை. வேலை தொடங்க நேரம் எடுக்கும் மருந்து, அதனால் முதல் ஆளாக உள்ளே அனுப்புகிறார்கள். பிள்ளை தூங்கிய பிறகே போடுவதற்கு இன்னொரு ரகசியக் காரணமும் உண்டு. விழித்திருப்பவருக்கு இதை நரம்பில் வேகமாக ஏற்றினால் இடுப்புக்குக் கீழே, சொல்லக் கூச்சமான இடத்தில், சுருக்கென்று ஓர் எரிச்சல் கிளம்பும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆனால் ஐந்து வயதுக்காரன் அதை வார்டு முழுக்க அறிவிப்பான்!

இந்த ஒரு ஊசியின் சாதனை கொஞ்சநஞ்சமல்ல. ஸ்டூவர்ட் என்பவரும் கூட்டாளிகளும் 19 ஆய்வுகளைத் திரட்டிக் காக்ரேன் தொகுப்பில் போட்ட கணக்கு: ஐந்து பிள்ளைகளுக்கு இதைப் போட்டால் அவர்களில் ஒருவர் வாந்தியிலிருந்து தப்பிக்கிறார். தொண்டை வீக்கம் குறைவதால் சாப்பிடத் தொடங்குவதும் சீக்கிரம். 2008இல் மட்டும் ஒரு பெரிய பரபரப்பு. ஜெனீவாவில் 215 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில் வாந்தி மளமளவென்று குறைந்தது. மருந்து இல்லாதவர்களில் நூற்றுக்கு 44, அதிக அளவு பெற்றவர்களில் வெறும் 12. ஆனால் மருந்து பெற்றவர்களில் ரத்தக்கசிவு கூடியதாகத் தெரிந்து, ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். டாக்டர்கள் எல்லாம் கையைப் பிசைந்தார்கள். 2012இல் அமெரிக்காவில் 314 பிள்ளைகளிடம் அதே கேள்வியை நேரடியாகக் கேட்டுப் பார்த்ததில், மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அளவுக் கசிவோ மறு ஆபரேஷனோ கூடவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2011இல் சொன்னதை 2019 பதிப்பிலும் மாற்றவில்லை: ஆபரேஷனின்போது ஒரே ஒரு டோஸ், கட்டாயம்.

வாண்டின் தோளுக்கடியில் ஒரு சுருட்டு, தலை பின்னால் சாய்ந்து தொங்குகிறது. வாயைத் திறந்து பிடிக்க பாய்ல்-டேவிஸ் என்ற இரும்புச் சட்டம். வேடிக்கை என்னவென்றால், வழக்கமாகத் தலைமாட்டில் அரியணை போட்டு உட்கார்ந்திருக்கும் மயக்க டாக்டர் இன்று அந்த இடத்தை அறுவை டாக்டருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாகப் போகவேண்டும். ஒரே வாய், ஒரே வழி. அதிலே ஒருவர் மூச்சுக்குழாயைக் காக்கிறார், இன்னொருவர் டான்சிலை வெட்டுகிறார்.

இனி ஓரத்து மேசைக்கு வாருங்கள். அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பாருங்கள், ஒண்டான்செட்ரான். இரண்டு மில்லிலிட்டரில் நாலு மில்லிகிராம். கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் வாண்டுக்கு வேண்டியது 1.8. எத்தனை குண்டுப் பிள்ளையானாலும் நாலைத் தாண்டக்கூடாது. குப்பியின் கழுத்தை ‘டக்’கென்று ஒடித்து, மயக்க டாக்டர் ஊசிக்குழாயில் இழுக்கிறார். 0.9 மில்லிலிட்டரில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காற்றுக்குமிழை விரலால் சுண்டுகிறார். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுதான் அம்மாவின் வாளிக்கு விடுமுறை கொடுக்கப்போகும் திரவம்.

வாண்டுக்கு அபாயம் அதிகம் என்பதால் இன்னும் ஒரு தந்திரம். மயக்க வாயுவே வாந்திக்கு முக்கியக் குற்றவாளி, முதல் இரண்டு மணி நேர வாந்திக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆகவே தூங்க வைத்த பிறகு வாயுவை நிறுத்திவிட்டு, புரோபோஃபால் என்ற வெள்ளை வெளேரென்ற மருந்தை நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக விட்டே தூக்கத்தைத் தொடரலாம். மயக்கமும் தரும், வாந்தியையும் அடக்கும். இதை உருவாக்கிய ஜான் கிளென் அடிப்படையில் ஒரு கால்நடை மருத்துவர்! 1986இல் சந்தைக்கு வந்த மருந்துக்காக 2018இல் லாஸ்கர் விருது வாங்கினார். டாங் ஜூ கான் தலைமையில் 2020இல் வந்த உலக வழிகாட்டியின் நாலாவது பதிப்பும் அபாயம் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு இதையே சொல்கிறது: டெக்ஸாமெத்தசோன், ஒண்டான்செட்ரான் இரண்டும் கொடுங்கள், வாயுவைத் தவிர்ப்பதையும் யோசியுங்கள்.

மற்ற வேலைகள் சின்னச் சின்னதாக நடந்துகொண்டே இருக்கும். மார்ஃபின் வகை மருந்தைக் குறைத்து, பாராசிட்டமால் போன்றவற்றை முன்னால் தள்ளுவார்கள். ட்ரிப்பில் நீரைத் தாராளமாக விடுவார்கள். சிலியில் 2013இல் வெளிவந்த ஆய்வில் கிலோவுக்கு மணிக்கு 10 மில்லிலிட்டர் பெற்ற பிள்ளைகளைவிட 30 பெற்றவர்கள் குறைவாக வாந்தி எடுத்தார்கள். வெறும் ட்ரிப் நீரின் வேலை இது, செலவு ஒன்றுமேயில்லை. கடைசியாக உறிஞ்சு குழாய். அண்ணத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரத்தக் கட்டியை ஆங்கிலேய டாக்டர்கள் மரண விசாரணை அதிகாரியின் பெயரால் அழைக்கிறார்கள். அதை மறந்துவிட்டால் மூச்சுக்குழலில் விழுந்து கேஸ் அவர் மேசைக்குப் போய்விடும் என்று பொருள். தியேட்டர்காரர்களின் நகைச்சுவை இப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள். அதைத் தேடி எடுத்த பிறகுதான் பிள்ளையை எழுப்புவார்கள்.

இந்த வசதி எதுவும் இல்லாத காலமும் இருந்தது. 1846இல் ஈதர் வந்தது, மறு ஆண்டு குளோரோஃபாம். தூங்கி எழுந்தால் வாந்திதான். மயக்கவியலின் முன்னோடி லண்டன் ஜான் ஸ்னோ அதற்குப் பரிந்துரைத்தவற்றில் ஒன்று அபின். அபினே வாந்தி தரும்!

வாண்டு இப்போது ஒருக்களித்துப் படுத்திருக்கிறான், தலை கொஞ்சம் தாழ்வாக. கண் திறக்கிறான். முதல் கேள்வி, “அம்மா எங்க?” வாளி காலி. வெளியே அம்மா யாருக்கு நன்றி சொல்வார்? அறுவை டாக்டருக்கு. கல்யாணத்தில் பந்தி ருசியாக இருந்தால் எல்லாரும் பெண்வீட்டாரைத்தான் பாராட்டுவார்கள், சமையற்காரர் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். மயக்க டாக்டர் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

வார்டுக்கு வந்ததும் பாட்டி படை திரண்டு நிற்கும். “ஒரு வாய் குடிச்சாத்தான் வீட்டுக்கு விடுவாங்களாம், குடி ஐயா!” என்று கெஞ்சல். வேண்டாம். அந்தக் காலத்தில் மருத்துவமனைகளே அப்படி வற்புறுத்தின. 1992இல் அமெரிக்காவில் ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளிடம் சோதித்தபோது, கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தவர்கள்தான் அதிகம் வாந்தி எடுத்தார்கள். கேட்கும்போது கொடுங்கள், சின்ன மிடறாக.

கோடாலித் தைலத்தையும் பைக்குள்ளேயே வையுங்கள், பாட்டி. சின்னப் பிள்ளை மூக்கில் கற்பூரமும் மென்தாலும் ஆகாது. சும்மா இருக்கக் கை வரவில்லை என்றால் சீன மருத்துவத்தின் நெய்குவான் புள்ளி இருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கச் சுருக்கத்திலிருந்து பிள்ளையின் மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில். மெதுவாக அழுத்திக் கொடுக்கலாம். ஹாங்காங்கின் ஆனா லீ குழுவினர் 59 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் எழுதியபடி, இந்தப் புள்ளியைத் தூண்டுவது வாந்தியைக் குறைக்கத்தான் செய்கிறது. சித்தியவான் சீன மருந்துக்கடைக்காரர் கேட்டால் இதற்கா ஆய்வு என்பார்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம், அதுவும் நம் ஊருக்கென்றே சொல்வது: சிவப்பு வேண்டாம். சித்தியவானில் இது லேசான விரதமல்ல! ஃபூச்சாவ் வீட்டுச் சிவப்பு ஒயின் மீசுவா, கம்போங் கோ சில்லி சாஸ், பண்டோங், ஐஸ் கச்சாங் தலையில் ஊற்றும் சிரப் என்று ஊரே சிவப்பாகத்தான் சாப்பிடுகிறது. ஒயினும் மிளகாயும் பிள்ளைக்கு எப்படியும் கிடையாது. ஆனால் பண்டோங் குடித்துவிட்டு வாந்தி எடுத்தால், அது சிரப்பா ரத்தமா என்று நடுராத்திரியில் யார் கண்டுபிடிப்பது? வெள்ளை ஐஸ்கிரீம், இளநீர், ஆறிய கஞ்சி போதும். ஈப்போவிலிருந்து திரும்புபவர்கள் ஒரு பையும் துண்டும் முன்சீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கார் ஆட்டத்தில் அடங்கிய வாந்தி மறுபடி எழும். வலிக்கு டாக்டர் எழுதியதை மட்டும் கொடுங்கள். கோடீன் கலந்த பழைய சிரப் வீட்டில் இருந்தால் எறிந்துவிடுங்கள். சில பிள்ளைகளின் உடம்பு அதை வேகவேகமாக மார்ஃபினாக மாற்றிவிடுகிறது. டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சே நின்று இறந்த பிள்ளைகள் உண்டு. அதனால்தான் 2013இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதைத் தடுத்தது.

முதல் நாளில் ஒரு தடவை பழுப்பாகவோ கறுப்பாகவோ கொஞ்சம் வாந்தி வந்தால் அது பெரும்பாலும் வயிற்றில் தங்கிய பழைய ரத்தம். புதுச் சிவப்பு ரத்தம் வேறு விஷயம். தூங்கும்போது பிள்ளை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான், தொண்டையில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். இது ஆபரேஷன் முடிந்து ஐந்து முதல் பத்து நாளுக்குள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்திலும் வரலாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கிளினிக் தேடவும் வேண்டாம். 999ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.